எலெக்ட்ரான் செயலியில் சீரியல் போர்ட் பட்டியல்: எடுப்பது முதல் சரியான போர்ட்டைக் கண்டுபிடிப்பது வரை

மணலியிலோ மாதவரத்திலோ எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்திலோ வேபிரிட்ஜுக்குப் பஞ்சமே இல்லை. கன்டெய்னர் லாரி மேடையில் ஏறி நிற்கும், பக்கத்து அறை இன்டிகேட்டரில் எடை ஓடும், அந்த எடை ஆர்எஸ் 232 என்ற சீரியல் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டுக்கு வரும், அங்கே ஒரு மென்பொருள் அதை வாங்கிச் சீட்டு அடிக்கும். அந்த மென்பொருளை இப்போது நிறைய பேர் வெப் பக்கத்தை டெஸ்க்டாப் செயலியாக்கும் எலெக்ட்ரானில்தான் எழுதுகிறார்கள், ஏனென்றால் திரை வடிவமைப்புக்கு ஹெச்டிஎம்எல் தெரிந்தால் போதும்.

போர்ட் பட்டியலை எடுப்பது ஒரே வரி வேலை. ஆனால் எடுத்ததை அப்படியே திரையில் கொட்டிவிட்டால், ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்திருக்கும் பையன் போன் போட்டு, "ணா, காம் 1, காம் 3, காம் 4, காம் 7னு நாலு காட்டுது, எத அமுக்கறது?" என்று கேட்பான். வெளியே லாரி வரிசை கட்டி நிற்கும் நேரத்தில்தான் அந்த போன் வரும். அதனால் பட்டியல் எடுப்பதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, அதில் நம்ம கருவி எது என்று செயலியே கண்டுபிடிப்பதைப் பற்றி நிறைய பேசப் போகிறேன். காம் எண்ணை, அதாவது சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் வைக்கும் பெயரை, ஆபரேட்டரிடம் கேட்பது, என்னைக் கேட்டால், நம்ம வேலையை அவன் தலையில் கட்டுவது.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே: கட்டளைகள், செயற்கூறுகள் பெயரையெல்லாம் இங்கே உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அடிக்கும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டையும் ஆவணத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், கம்ப்யூட்டருக்கே போர்ட் தெரிகிறதா?

ஒரு வரி எழுதுவதற்கு முன்னாலேயே இதைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் போர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் காம் எண்கள் வரும். அங்கே வராத போர்ட் உங்கள் செயலியிலும் வராது, எத்தனை தடவை மறுபடி நிறுவினாலும் வராது. மஞ்சள் முக்கோணத்தோடு வந்தால் டிரைவர் கோளாறு. யூஎஸ்பியில் சொருகி ஆர்எஸ் 232 கேபிளை இணைக்க ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும் கன்வெர்ட்டர்களுக்குள் பெரும்பாலும் நாலு வகைச் சிப்புதான் இருக்கும்: எஃப்டிடிஐ, ப்ரோலிஃபிக் பிஎல் 2303, சிஹெச் 340, சிபி 2102. இதில் பிஎல் 2303-இன் பழைய வகைகளும் போலிகளும் புது விண்டோஸ் டிரைவரோடு ஒத்துப்போகாமல் கோட் 10 பிழை காட்டுவது ஊரறிந்த கதை. அதற்கு நிரலில் மருந்து கிடையாது, கன்வெர்ட்டரைத்தான் மாற்ற வேண்டும்.

லினக்ஸில் கன்வெர்ட்டரைச் சொருகிவிட்டு டிமெசேஜ் கட்டளையின் கடைசி வரிகளைப் பாருங்கள். டிடிஒய்யூஎஸ்பி0 அல்லது டிடிஒய்ஏசிஎம்0 என்று ஒரு பெயர் வர வேண்டும். உபுண்டு 22.04-இல் சிஹெச் 340 சொருகியதும் போர்ட் வந்து, அடுத்த நொடியே காணாமல் போனால் பயப்படாதீர்கள். பார்வையற்றோருக்கான பிரெயில் கருவியை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, இந்தச் சிப்பின் எண்ணைப் பார்த்துத் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் பிரெயில் கருவி பயன்பாட்டில் இல்லை என்றால் அந்தப் பொதியை நீக்கிவிட்டுக் கன்வெர்ட்டரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்.

காசிமேடு பக்கம் என்றால் இன்னொன்றும் பாருங்கள்: 9 பின் கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று. உப்புக் காற்று பட்ட பின்னைத் துடைக்காமல் டிரைவரை மாற்றி மாற்றி நிறுவிப் பிரயோஜனமில்லை. கன்வெர்ட்டர் பட்டியலில் ஜம்மென்று தெரியும், எடை மட்டும் வராது.

எந்த வழியில் போவது

எலெக்ட்ரானில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நோட் (பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது) உலகத்தில் இருக்கும் சீரியல்போர்ட் என்ற பொதி. மற்றது, எலெக்ட்ரானுக்குள் இருக்கும் பிரவுசரான குரோமியத்திலேயே வரும் வெப் சீரியல்; குரோமில் இது 89-ஆம் பதிப்பில், 2021-இல் வந்தது.

கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் செயலி தானாக எழுந்து, யாரும் எதையும் தொடாமல் எடையைக் காட்ட வேண்டும் என்றால் முதல் வழி. வேபிரிட்ஜ், மீன் ஏலக் கூடத் தராசு, ஜவுளிக் கடை பில்லிங் எல்லாம் இந்த வகைதான். நேட்டிவ் மாட்யூல் (அந்தந்தக் கம்ப்யூட்டருக்கென்று கம்பைல் செய்த நிரல்) வம்பே வேண்டாம், பயனர் ஒரு பட்டனை அழுத்திக் கருவியைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றால் இரண்டாவது. நான் முதல் வழியை விரிவாகச் சொல்கிறேன், இரண்டாவதைப் பின்னால் சுருக்கமாக.

எலெக்ட்ரானுக்குப் பதில் ரஸ்ட் மொழியோடு வரும் டாரியில் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: மேக்கிலும் லினக்ஸிலும் டாரி பயன்படுத்தும் வெப்கிட்டில் வெப் சீரியல் கிடையாது. ரஸ்ட் பக்கம் சீரியல்போர்ட் கிரேட்டை வைத்து, அவைலபிள் போர்ட்ஸ் செயற்கூறைக் கூப்பிட்டு, பதிலை ஒரு கமாண்டாகத் திரைக்கு அனுப்புங்கள். போர்ட் அடையாளம் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் அங்கேயும் பொருந்தும்.

பொதியை நிறுவுதல்

என்பிஎம் இன்ஸ்டால் சீரியல்போர்ட். அவ்வளவுதான். பழைய கட்டுரைகளில் எலெக்ட்ரான்-ரீபில்ட் போடு, பைத்தான் நிறுவு, விஷுவல் ஸ்டூடியோ நிறுவு என்று ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள். 10-ஆம் பதிப்புக்குப் பிறகு பெரும்பாலான கம்ப்யூட்டர்களுக்கு முன்பே கம்பைல் செய்த கோப்பு பொதியோடு வந்துவிடுகிறது, அதுவும் நோட் பதிப்பு மாறினாலும் உடையாத என்-ஏபிஐ முறையில். ஆகவே நேரடியாக ஓட்டிப் பாருங்கள். நோட் மாட்யூல் வெர்ஷன் பொருந்தவில்லை என்ற பிழை வந்தால் மட்டும் ரீபில்டைத் தொடுங்கள்.

அதே 10-ஆம் பதிப்பில் கூப்பிடும் விதமும் மாறியது. முன்பு பொதியை ரிக்வயர் செய்தால் நேரடியாகக் கிளாஸ் கிடைக்கும். இப்போது சுருள் அடைப்புக்குள் சீரியல்போர்ட் என்று பெயர் சொல்லி எடுக்க வேண்டும். போர்ட்டைத் திறக்கும்போது முகவரியை முதல் ஆர்க்யுமென்டாகக் கொடுப்பதும் போய், பாத், பாட்ரேட் இரண்டையும் ஒரே ஆப்ஜெக்டுக்குள் கொடுக்கிறோம். லிஸ்ட் என்பது செயற்கூறே இல்லை என்று பிழை வந்தால் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் இதுதான்.

மெயின், பிரீலோட், ரெண்டரர்: மூன்று துண்டு

எலெக்ட்ரானில் மெயின் என்பது கம்ப்யூட்டரைத் தொடும் பகுதி, ரெண்டரர் என்பது திரைப் பக்கத்தை ஓட்டும் பகுதி, பிரீலோட் இரண்டுக்கும் நடுவே பாலம். இணையத்தில் கிடைக்கும் பல உதாரணங்கள், பக்கத்திலிருந்தே நோடைக் கூப்பிட விடும் நோட் இன்டெக்ரேஷனை ட்ரூ என்று வைத்துவிட்டு, ஹெச்டிஎம்எல் பக்கத்திலேயே சீரியல்போர்ட்டைக் கூப்பிடும். அதைக் காப்பி அடிக்காதீர்கள். எலெக்ட்ரான் 5-இல் அந்த அமைப்பு இயல்பாகவே அணைக்கப்பட்டது, 12-இல் பக்கத்து நிரலையும் பிரீலோடையும் பிரித்து வைக்கும் கான்டெக்ஸ்ட் ஐசொலேஷன் இயல்பாக வந்தது, 20-இல் ரெண்டரர் எல்லாம் சாண்ட்பாக்ஸ் என்ற அடைப்புக்குள் போனது. சாண்ட்பாக்ஸில் இருக்கும் பிரீலோட் கோப்பிலிருந்து நேட்டிவ் மாட்யூலைக் கூப்பிடவே முடியாது. இந்த மூன்று தடுப்புகளையும் நீக்கிவிட்டு ஓட்டலாம்தான், ஆனால் சீட்டு அடிக்கும் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப்பும் ஓடும், யார் யாரோ கொண்டுவரும் பென் டிரைவும் சொருகப்படும், அங்கே போய்க் கதவைத் திறந்து போடுவானேன்.

எனவே இப்படிப் பிரியுங்கள். மெயின் பிராசஸ் கோப்பில் ஐபிசிமெயினின் (ஐபிசி என்பது இந்தப் பகுதிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் வழி) ஹேண்டில் செயற்கூறில் போர்ட்-பட்டியல் என்று ஒரு சேனல் பெயர் கொடுத்து, உள்ளே சீரியல்போர்ட்டின் லிஸ்ட்டை அவெயிட் செய்து, வந்ததைத் திருப்பி அனுப்புங்கள். லிஸ்ட் ஒரு பிராமிஸ் தரும். அதில் ஒரு அரே, ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு சாதா ஆப்ஜெக்ட். சாதா ஆப்ஜெக்ட் என்பதால் ஐபிசி வழியாகச் சிக்கலில்லாமல் போய்விடும். திறந்த போர்ட்டை அப்படி அனுப்ப முடியாது, அது மெயினிலேயே இருக்கட்டும், எடை மட்டும் திரைக்குப் போகட்டும்.

பிரீலோட் கோப்பில் கான்டெக்ஸ்ட்பிரிட்ஜ் மூலம் ஒரே ஒரு செயற்கூறை வெளியே காட்டுங்கள். அது உள்ளே ஐபிசிரெண்டரரின் இன்வோக்கை அதே சேனல் பெயரோடு கூப்பிடும். ஐபிசிரெண்டரரையே முழுசாகத் தூக்கிப் பக்கத்துக்குக் கொடுக்கக் கூடாது. பக்கத்து நிரல் அந்தச் செயற்கூறை அவெயிட் செய்து, வந்த அரேயைத் திரையில் வரைந்துகொள்ளும்.

ஹேண்டிலுக்குள் ட்ரை-கேட்ச் கண்டிப்பாக வேண்டும். லினக்ஸில் இந்தப் பொதி யூடெவ்ஆட்ம் என்ற கட்டளையை ஓட்டித்தான் பட்டியல் எடுக்கிறது. அந்தக் கட்டளை இல்லாத டாக்கர் கன்டெய்னரில் ஓட்டினால் பிழை வரும். காலி அரேயும் பிழையும் வேறு வேறு: "போர்ட் ஒன்றும் இல்லை" என்பதையும் "பட்டியல் எடுக்க முடியவில்லை" என்பதையும் திரையில் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

வந்த பட்டியலை வாசிப்பது

ஒவ்வொரு ஆப்ஜெக்டிலும் பாத், மேனுஃபேக்சரர், சீரியல்நம்பர், பிஎன்பிஐடி (இயங்குதளம் கருவிக்கு வைக்கும் அடையாளம்), லொகேஷன்ஐடி (எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்பது), வெண்டர்ஐடி (யூஎஸ்பி தயாரிப்பாளர் எண்), ப்ராடக்ட்ஐடி (கருவி வகை எண்) இருக்கும். விண்டோஸில் கூடவே ஃப்ரெண்ட்லிநேம் வரும். பாத்தைத் தவிர எது வேண்டுமானாலும் அன்டிஃபைண்டாக இருக்கலாம், அதை நினைவில் வைத்துத்தான் எழுத வேண்டும்.

மேலே பையன் சொன்ன நாலு போர்ட்டையே எடுத்துக்கொள்வோம். காம் 1 மதர்போர்டிலேயே இருப்பது. அதற்கு வெண்டர்ஐடி கிடையாது. காம் 3, காம் 4 இரண்டும் ப்ளூடூத். பிஎன்பிஐடியைப் பார்த்தால் பிடிஹெச்இனம் என்று ஆரம்பிக்கும். காம் 7-இல்தான் வெண்டர்ஐடி 1ஏ86, ப்ராடக்ட்ஐடி 7523 என்று இருக்கும், அது சிஹெச் 340. நம்ம ஆள் அவன்தான்.

மேனுஃபேக்சரரை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். விண்டோஸில் அது டிரைவர் எழுதியவரின் பெயர், கருவி செய்தவரின் பெயர் அல்ல. ஒரே ஆர்டுயினோ போர்டு ஒரு கம்ப்யூட்டரில் தன் பெயரோடும், இன்னொன்றில் மைக்ரோசாஃப்ட் பெயரோடும் வரும்.

எண்களில் ஒரு கண்ணி இருக்கிறது. நோட் பொதி வெண்டர்ஐடியைப் பதினாறடிமான எழுத்துச் சரமாகத் தரும்: ஆர்டுயினோ ஊனோ என்றால் 2341. எலெக்ட்ரானின் வெப் சீரியல் பக்கம் போனால் அதே எண் பதின்மத்தில், ஆனால் இன்னமும் சரமாக, 9025 என்று வரும். பக்கத்துக்குள் போர்ட்டின் கெட்இன்ஃபோவைக் கேட்டால் அதே 9025 சரமாக இல்லாமல் எண்ணாக வரும். எஃப்டிடிஐக்கு 0403 ஒரு பக்கம், 1027 மறுபக்கம். சிஹெச் 340-க்கு 1ஏ86 ஒரு பக்கம், 6790 மறுபக்கம். போதாக்குறைக்கு, நடுவில் எழுத்து வரும் எண்கள் ஒரு இயங்குதளத்தில் பெரிய எழுத்திலும் இன்னொன்றில் சின்ன எழுத்திலும் வரும். எல்லாவற்றையும் முதலில் சின்ன எழுத்தாக்கிவிட்டு ஒப்பிடுங்கள்.

வடிகட்டுவது, ஆனால் மறைக்காமல்

வெண்டர்ஐடி இல்லாததையெல்லாம் தூக்கிவிடலாமே என்று கை பரபரக்கும். லினக்ஸில் டிடிஒய்எஸ்0 முதல் 31 வரை கருவியே இல்லாத பேய் போர்ட்கள் பட்டியலை நிரப்பும்போது ஆசை இன்னும் கூடும். ஆனால் பழைய வேபிரிட்ஜ் கம்ப்யூட்டரில் இன்டிகேட்டர் கேபிள் நேராக மதர்போர்டு போர்ட்டிலோ பிசிஐ கார்டிலோதான் மாட்டியிருக்கும். அதைத் தூக்கிவிட்டால் அந்த இடத்தில் செயலியே வேலைக்கு ஆகாது. யூஎஸ்பி போர்ட்களை மேலே வையுங்கள், ப்ளூடூத்தையும் வெண்டர்ஐடி இல்லாதவற்றையும் "மற்றவை" என்று கீழே மடித்து வையுங்கள். அது போதும்.

யூஎஸ்பி பார்கோடு ஸ்கேனரைச் சொருகிவிட்டு அது ஏன் பட்டியலில் இல்லை என்று தேடுபவர்களும் உண்டு. பெரும்பாலான ஸ்கேனர் கீபோர்டு மாதிரி நடிக்கும் முறையில்தான் கடையிலிருந்து வருகிறது. கையேட்டில் இருக்கும் யூஎஸ்பி-காம் பார்கோடை ஒருமுறை ஸ்கேன் செய்து மாற்றினால்தான் அது போர்ட்டாகத் தெரியும்.

போர்ட்டை நினைவில் வைப்பது

இதுதான் மொத்த வேலையிலும் முக்கியமான இடம். காம் 7 என்று சேமித்து வைத்தால் என்ன ஆகும்? அறையைப் பெருக்க வருபவர் சிபியூவை நகர்த்துவார், யூஎஸ்பியைக் கழற்றி அடுத்த ஓட்டையில் மாட்டுவார், மறுநாள் அது காம் 8. காரணம், சிஹெச் 340 சிப்புகளில் வழக்கமாக சீரியல் நம்பர் இருக்காது. அது இல்லாத கருவியை விண்டோஸ் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் அடையாளம் காணும், ஓட்டை மாறினால் புதுக் கருவி என்று நினைத்துப் புது எண் கொடுக்கும். சீரியல் நம்பர் பதிந்து வரும் எஃப்டிடிஐ கன்வெர்ட்டர் என்றால் எந்த ஓட்டையில் மாட்டினாலும் அதே எண் திரும்ப வரும். காசு கொஞ்சம் கூடப் போனாலும் வாடிக்கையாளரிடம் எஃப்டிடிஐ வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

சேமிக்கும்போது வெண்டர்ஐடி, ப்ராடக்ட்ஐடி, சீரியல்நம்பர், லொகேஷன்ஐடி, பாத் எல்லாவற்றையும் சேமியுங்கள். செயலி எழும்போது இந்த வரிசையில் தேடுங்கள்: முதல் மூன்றும் பொருந்துகிறதா, இல்லையென்றால் வெண்டரும் ப்ராடக்டும் பொருந்தும் போர்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதா, ஒன்றுக்கு மேல் இருந்தால் லொகேஷன்ஐடி எதற்குப் பொருந்துகிறது, எதுவுமே கைகொடுக்கவில்லை என்றால் கடைசியாக பாத். விண்டோஸ் தரும் சீரியல்நம்பரில் ஆம்பர்சாண்ட் குறி இருந்தால் அது கருவியில் பதிந்த எண் அல்ல, விண்டோஸ் தானே போட்டுக்கொண்டது, அதைக் காலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் லொகேஷன்ஐடி வராது, அதற்குப் பதில் தேவ் கோப்புறையில் சீரியலுக்குள் இருக்கும் பை-பாத் இணைப்புகளைப் பாருங்கள்.

இன்டிகேட்டருக்கு ஒன்று, வெளியே லாரி டிரைவர் பார்க்கும் பெரிய எல்இடி பலகைக்கு ஒன்று என்று ஒரே மாதிரி இரண்டு சிஹெச் 340 மாட்டியிருந்தால்? முதல்முறை அமைக்கும்போது எந்த எண்ணாலும் பிரிக்க முடியாது. இங்கே ஒரு எளிய தந்திரம். அமைப்புத் திரையில் "கருவியைக் கண்டுபிடி" என்று ஒரு பட்டன் வையுங்கள். அழுத்தியதும் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, "இன்டிகேட்டர் யூஎஸ்பியைக் கழற்றுங்கள்" என்று திரையில் காட்டுங்கள். மறுபடி பட்டியல் எடுங்கள். காணாமல் போன போர்ட் எதுவோ அதுதான் இன்டிகேட்டர். "இப்போது மாட்டுங்கள்" என்று காட்டி, திரும்பி வந்ததும் சேமித்துவிடுங்கள். காம் என்ற வார்த்தையே தெரியாதவர்கூட இதைச் செய்துவிடுவார்.

கழற்றுவதும் மாட்டுவதும்

போர்ட் வந்தது, போனது என்று சொல்லும் நிகழ்வு சீரியல்போர்ட் பொதியில் இல்லை. இரண்டு நொடிக்கு ஒருமுறை லிஸ்ட்டைக் கூப்பிட்டு முந்தைய பட்டியலோடு ஒப்பிடுவதே போதும். செட்இன்டர்வல் போடாதீர்கள், ஒரு அழைப்பு முடிந்த பிறகு அடுத்ததற்கு செட்டைம்அவுட் போடுங்கள், இல்லையென்றால் மெதுவான கம்ப்யூட்டரில் அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். போர்ட் திறந்து எடை ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தத் தேடலை நிறுத்திவிடலாம், அப்போது குளோஸ் நிகழ்வே துண்டிப்பைச் சொல்லிவிடும், அது வந்ததும் தேடலை மறுபடி ஆரம்பியுங்கள்.

திறந்து சரிபார்ப்பது

பட்டியலில் இருக்கிறது என்பதற்காக போர்ட் காலியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வேறு மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கும் போர்ட்டும் பட்டியலில் வரும். விண்டோஸில் திறக்கும்போது ஆக்சஸ் டினைட் வந்தால், பழைய எடை மென்பொருள் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் பர்மிஷன் டினைட் வந்தால், டெபியன், உபுண்டுவில் பயனரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும். ஆர்ச்சில் அந்தக் குழுவின் பெயர் யூயூசிபி. மேக்கில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் டிடிஒய், சியூ என்று இரண்டு பெயர் இருக்கும், திறப்பதற்கு சியூவே நல்லது.

பல இன்டிகேட்டர்கள் கேட்காமலேயே எடையைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். 9600 வேகத்தில் திறந்து இரண்டு நொடி கேளுங்கள். எண்கள் வந்தால் சரியான போர்ட். குப்பை எழுத்து வந்தால் போர்ட் சரிதான், வேகமோ பாரிட்டியோ (பிழை பார்க்கச் சேர்க்கும் பிட்) தப்பு. 8 பிட், பாரிட்டி இல்லை என்பதிலிருந்து 7 பிட், ஈவன் என்று மாற்றிப் பாருங்கள். ஒன்றுமே வரவில்லையா, கேபிளைப் பாருங்கள். ஆனால் கண்ணில் பட்ட போர்ட்டையெல்லாம் இப்படித் திறந்து பார்க்கக் கூடாது. ஆர்டுயினோ ஊனோ மாதிரி போர்டுகள் போர்ட்டைத் திறந்தாலே ரீசெட் ஆகும், அது கேட் பாரை இயக்கிக்கொண்டிருந்தால் லாரி மேலேயே இறங்கும்.

வெப் சீரியல் வழி, சுருக்கமாக

பக்கத்தில் நேவிகேட்டர் சீரியலின் ரிக்வெஸ்ட்போர்ட்டை ஒரு பட்டன் கிளிக்கில் கூப்பிட வேண்டும். குரோமில் தேர்வுப் பெட்டி தானாக வரும், எலெக்ட்ரானில் அதை நாம்தான் வரைய வேண்டும். மெயினில் செஷனின் செலக்ட்-சீரியல்-போர்ட் நிகழ்வைப் பிடித்து, முதல் வேலையாக ப்ரிவென்ட்டிஃபால்ட் போடுங்கள். அங்கே வரும் போர்ட்லிஸ்ட்தான் உங்கள் பட்டியல். தேர்ந்தெடுத்ததன் போர்ட்ஐடியைக் கால்பேக்கில் கொடுங்கள். ரத்து செய்ய வேண்டுமென்றால் காலிச் சரம். பெட்டி திறந்திருக்கும்போது கருவி மாட்டினால் சீரியல்-போர்ட்-ஆடட், கழற்றினால் சீரியல்-போர்ட்-ரிமூவ்ட் வரும். மேலே சொன்ன இரண்டு நொடித் தேடல் இங்கே வேண்டாம்.

கெட்போர்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதிலேயே எல்லாம் வருமே என்று நினைக்க வேண்டாம். அனுமதி கிடைத்த போர்ட் மட்டும்தான் அதில் வரும். கேட்காமலேயே அனுமதி கொடுக்க செட்டிவைஸ்பர்மிஷன்ஹேண்ட்லர் இருக்கிறது, அதில் வெண்டர் எண்ணைப் பார்த்துத் தெரிந்த கருவிக்கு மட்டும் ட்ரூ சொல்லுங்கள்.

பொட்டலம் கட்டும்போது

உங்கள் கம்ப்யூட்டரில் ஓடி, வாடிக்கையாளர் இடத்தில் மாட்யூல் கிடைக்கவில்லை என்று விழுந்தால் இரண்டே காரணம்தான் முதலில் சந்தேகிக்க வேண்டியது. ஒன்று, நிரல் கோப்புகளை ஒன்றாகக் கட்டும் வெப்பேக்கோ வைட்டோ சீரியல்போர்ட்டையும் சேர்த்து ஒரே கோப்பாக்கியிருக்கும். உள்ளே இருக்கும் நேட்டிவ் கோப்பை அது ஓடும்போதுதான் தேடும் என்பதால், பொதியை எக்ஸ்டர்னல் என்று குறிக்க வேண்டும். இரண்டு, நேட்டிவ் கோப்பு, செயலியின் கோப்புகளை ஒன்றாக அடைக்கும் ஏசார் காப்பகத்துக்குள் மாட்டியிருக்கும். எலெக்ட்ரான்-பில்டர் பெரும்பாலும் தானே வெளியே எடுத்துவிடும். ஃபோர்ஜ் பயன்படுத்தினால் ஆட்டோ-அன்பேக்-நேட்டிவ்ஸ் பிளக்இன்னைச் சேருங்கள்.

அப்புறம், வேபிரிட்ஜ் அறைகளில் விண்டோஸ் 7 இன்னும் கண்ணில் படுகிறது. எலெக்ட்ரான் 23-இலிருந்து விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் ஆதரவு கிடையாது, 22 தான் கடைசி. அந்தக் கம்ப்யூட்டர் 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் சேர்த்து, விலை பேசுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.